வெள்ளைக் கட்டங்களின் விலை

காங்கேசன்துறையோடு இலங்கையின் வடக்குப் புகையிரதப் பாதை முடிகிறது. அதற்கு அப்பால் கடல்தான். 1902இல் இந்தப் பகுதிக்குத் தண்டவாளம் வந்தது, 1905இல் கொழும்போடு தொடுக்கப்பட்டது. 1990இல் போர் நிறுத்திவைத்த ஓட்டம் 2015 ஜனவரி 2ஆம் திகதிதான் மறுபடி இந்த நிலையத்தை எட்டியது. இது ஒற்றைத் தண்டவாளப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் விலகிப்போக நிலையங்களில் மட்டுமே இடமுண்டு. சுன்னாகத்துக்கும் மல்லாகத்துக்கும் நடுவழியில் அவை சந்தித்தால் அது விபத்து. ஆகவே நேரசூசி போடுகிறவர், ஒவ்வொரு வண்டியும் எந்த நிமிடத்தில் எங்கே இருக்கும் என்பதை மற்ற எல்லா வண்டிகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். நிலையச் சுவரில் தொங்கும் எண் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செய்வது பெரும்பாடு. பட்டியலில் எல்லாத் தகவலும் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டும் மோதப்போகின்றன என்ற செய்தி அதில் எங்கும் எழுதியிராது. படிக்கிறவர்தான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

புகையிரதக்காரர்கள் இதற்கு 19ஆம் நூற்றாண்டிலேயே வழி கண்டார்கள். பிரெஞ்சு உடலியலாளர் எத்தியேன் ஜூல் மாரே எழுதிய நூலின் 1885ஆம் ஆண்டுப் பதிப்பில் பாரிஸ்–லியோன் பாதைக்கான படம் ஒன்று இருக்கிறது. இடமிருந்து வலமாக நேரம், மேலிருந்து கீழாக நிலையங்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. கோடு செங்குத்தாக நிமிர நிமிர வண்டி வேகமாகப் போகிறது, கிடையாகப் படுத்தால் நிலையத்தில் நிற்கிறது. ஒற்றைப் பாதையொன்றுக்கு இப்படி வரைந்தால், இரண்டு கோடுகள் ஒரு நிலையத்தின் உயரத்தில் வெட்டிக்கொள்வது சரியான விலகல், இரண்டு நிலையங்களுக்கு இடையில் வெட்டிக்கொள்வது மோதல். கணக்கே வேண்டாம், கண் போதும். 1987இல் ஆய்வாளர்கள் ஜில் லார்க்கினும் ஹேர்பேட் சைமனும் இந்த உண்மைக்கு ஒரு கோட்பாட்டு விளக்கம் தந்தார்கள். ஒரே தகவலைச் சொற்களிலும் படத்திலும் வைத்தால் இரண்டும் சமம் ஆவதில்லை. சேர்த்துப் பார்க்க வேண்டியவற்றைப் படம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவதால் தேடும் வேலை மிச்சமாகிறது என்பது அவர்கள் வாதம்.

பல்கலைக்கழக மாணவர் தம் பாடங்களைத் திட்டமிட உதவும் இணையச் செயலி எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை இந்தப் புகையிரதப் படத்திலேயே இருக்கிறது என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். பயன்படுத்த எளிதான செயலி என்றதும் அழகான நிறம், குறைந்த பொத்தான்கள், வழுக்கிக்கொண்டு போகும் திரை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அவையெல்லாம் நல்லவைதான், ஆனால் பக்கத்துணை. ஒரு பாடத்தைத் தெரிவுசெய்வதற்கு ஒரு விலை உண்டு. அது இந்த வாரத்தில் ஒரு மணித்தியாலமாக இருக்கலாம், மூன்று ஆண்டு கழித்து ஓர் ஆண்டுக் காத்திருப்பாகவும் இருக்கலாம். அந்த விலையைத் தெரிவுசெய்யும் கணத்திலேயே கண்ணில் காட்டுவதுதான் எளிமை. விலையை மறைத்துவிட்டுத் திரையை எவ்வளவு துப்புரவாக வைத்தாலும், அது மோதலை மறைக்கிற எண் பட்டியல்தான்.

இரண்டு கடினங்கள்

நேரசூசி என்றதும் இரண்டு வேறு சிக்கல்கள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. முதலாவது நிர்வாகத்தின் சிக்கல்: எந்த விரிவுரையை எந்த மண்டபத்தில் எந்த நேரத்தில் வைப்பது? இதைக் கணினியிடம் கொடுக்கும் முயற்சி பழையது. ரொறன்ரோவில் பணியாற்றிய கல்வின் கொட்லீப் 1962இலேயே வகுப்பு–ஆசிரியர் நேரசூசி பற்றிக் கட்டுரை எழுதினார். 1967இல் வெல்ஷ், பவல் என்ற இருவர் இதை நிறந்தீட்டும் கணிதமாக மாற்றிக் காட்டினார்கள். ஒவ்வொரு பாடமும் ஒரு புள்ளி. ஒரே மாணவர் இரண்டு பாடங்களையும் எடுத்தால் அந்தப் புள்ளிகளை ஒரு கோட்டால் இணைக்க வேண்டும். கோட்டால் இணைந்த இரண்டுக்கும் ஒரே நிறம், அதாவது ஒரே நேரம், கொடுக்கக்கூடாது. கலியாண வீட்டில் ஒருவரோடொருவர் கதை பேச்சு இல்லாத சொந்தக்காரரை வெவ்வேறு பந்தியில் இருத்துகிற வேலைதான் இது. ஆகக் கூடுதலானவரோடு கோபமாக இருப்பவருக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டு மற்றவர்களைப் பார் என்று எந்தப் பெரியவரும் சொல்வார். வெல்ஷும் பவலும் சொன்ன வழியும் அதுவே: அதிக கோடுகள் சேரும் புள்ளிக்கு முதலில் நிறம் கொடு. இது நல்ல விடை தரும், மிகச் சிறந்த விடை தரும் என்ற உத்தரவாதம் இல்லை. மிகச் சிறந்ததை விரைவாகக் கண்டுபிடிக்கும் பொதுவழி எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை. 1972இல் ரிச்சட் கார்ப் பட்டியலிட்ட 21 கடினமான கணிதச் சிக்கல்களில் நிறந்தீட்டலும் ஒன்று.

இரண்டாவது மாணவரின் சிக்கல். நிர்வாகம் நேரங்களை முடிவுசெய்துவிட்டது, அவற்றுக்குள் தனக்கு வேண்டியதைப் பொறுக்க வேண்டும். கணிதத்துக்கு இது சின்ன வேலை. ஐந்து பாட அலகுகள், ஒவ்வொன்றிலும் செய்முறைக்கு நாலு குழுக்கள் என்று வைத்தால் 4 × 4 × 4 × 4 × 4, மொத்தம் 1,024 சேர்க்கைகள். தொலைபேசிக்குள் இருக்கும் சில்லு கண் இமைப்பதற்குள் அத்தனையையும் சரிபார்த்துவிடும். மனிதருக்கோ இதுதான் மலை. ஆறு அலகுகளை எடுத்தால் ஒன்றோடொன்று மோதுகிறதா என்று பார்க்க வேண்டிய சோடிகள் 15. ஒரே நேரத்தில் மனத்தில் தாங்கக்கூடியவை ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம் என்று 1956இல் உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் அதை ஏறக்குறைய நாலாகக் குறைத்தார். எந்தக் கணக்கை எடுத்தாலும் 15 சோடிகள் மனத்துக்குள் நிற்காது. கணினிக்குக் கடினமானது வேறு, ஆளுக்குக் கடினமானது வேறு. முதலாவதற்கு யூனிரைம் போன்ற திறந்த மூல மென்பொருள்கள் உண்டு. பேர்டியூ பல்கலைக்கழகத்தில் பிறந்த அதை இன்று வேறு நாடுகளிலும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் நிர்வாகத்தின் சிக்கலைத் தீர்க்கும் இயந்திரத்துக்கு ஒரு முகப்பை மாட்டி மாணவர் கையில் கொடுத்தால், அவருடைய சிக்கல் தீர்ந்தது என்று ஆகாது.

மூன்று மணிக்கூடுகள்

மாணவர் ஒருவர் பாடம் தெரிவுசெய்யும்போது உண்மையில் மூன்று மணிக்கூடுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எளிதில் தெரிவது வார மணிக்கூடு: திங்கள் முதல் வெள்ளி வரை, காலை முதல் மாலை வரை, கட்டம் கட்டமாக. அநேகமாக எல்லாச் செயலிகளும் இதைக் காட்டுகின்றன. எப்படிக் காட்டுகின்றன என்பதில்தான் வித்தியாசம். ஒரு மாணவி செவ்வாய் 9 மணி முதல் 10.30 வரை ஒரு விரிவுரையைச் சேர்த்திருக்கிறாள். பிறகு 10 மணிக்குத் தொடங்கும் செய்முறை வகுப்பைத் தெரிகிறாள். சாதாரணச் செயலி கடைசிப் பொத்தானை அழுத்தும்வரை பேசாமல் இருந்துவிட்டு, திரை நடுவே ஒரு பெட்டியைத் திறந்து பிழை என்று சிவப்பில் கத்தும். எது பிழை, எதோடு பிழை, என்ன செய்யலாம் என்று சொல்லாது. புகையிரதப் படத்தின் வழியில் யோசித்த செயலி இரண்டு பெட்டிகளையும் அப்படியே வைத்து, அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அந்த அரை மணித்தியாலத்தை மட்டும் கோடு கீறிக் காட்டும். பக்கத்தில் ஒரு வரி: “செவ்வாய் 10.00–10.30 மோதுகிறது. செய்முறைக் குழு 3ஐ எடுத்தால் மோதாது.” முதலாவது செயலி மாணவியைத் தண்டிக்கிறது. இரண்டாவது அவளுக்கு விலையைச் சொல்லி, மலிவான கடையையும் காட்டிவிடுகிறது.

இரண்டாவது பட்டத்தின் மணிக்கூடு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், நாலாண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120. ஓர் அலகை எடுக்க முன்னர் இன்னொன்றை முடித்திருக்க வேண்டும் என்ற முன்தேவைகள் இந்த எண்களுக்குள் சங்கிலி சங்கிலியாகக் கிடக்கின்றன. எதற்குப் பிறகு எது என்று ஒழுங்குபடுத்தும் வழியை 1962இல் ஆதர் கான் தெளிவாக எழுதிவைத்தார். தனக்கு முன் எதுவும் தேவைப்படாததை எடு, அதை நீக்கு, மறுபடி அப்படிப்பட்டதைத் தேடு. அதே காலத்தில் கட்டுமானத் திட்டங்களுக்காக வந்த இன்னோர் எண்ணம் இங்கே கூடுதலாக உதவும். முழு வேலையும் பிந்தாமல் ஒரு தனிவேலையை எவ்வளவு தள்ளிப்போடலாம் என்ற அளவு அது. தளர்வு என்று சொல்லலாம். நாலு அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலியாய் நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு தடவைதான் நடக்கிறது என்று வைப்போம். நாலாண்டுப் பட்டத்தில் அந்தச் சங்கிலிக்குத் தளர்வு பூச்சியம். முதலாவதை முதல் ஆண்டில் விட்டால் பட்டம் ஐந்தாம் ஆண்டுக்குப் போய்விடும். மூன்று அலகுச் சங்கிலிக்கு ஓர் ஆண்டுத் தளர்வு உண்டு. இந்த விலை முதலாம் ஆண்டு மாணவரின் வார அட்டவணையில் எங்குமே தெரியாது. அது தெரியவரும் கடைசி அரையாண்டு காங்கேசன்துறை நிலையம் போன்றது, தவறவிட்டதைப் பிடிக்க அதற்கு அடுத்த நிலையம் இல்லை. ஆகவே பாட அலகின் பெயருக்குப் பக்கத்திலேயே “இதை ஒரு தடவை தள்ளிப்போடலாம்” அல்லது “இதைத் தள்ளிப்போட்டால் பட்டம் ஓர் ஆண்டு பிந்தும்” என்ற ஒரு வரி இருக்க வேண்டும். கணினிக்கு இது மிகச் சிறிய கணக்கு. மாணவருக்கு ஓர் ஆண்டு.

மூன்றாவது மணிக்கூடு யாரும் வரையாதது. நேரசூசியில் நிரம்பிய கட்டங்களைப் பார்த்து மற்றவை ஓய்வு என்று நினைத்துவிடுகிறோம். அதே தகைமைச் சட்டகம் ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலக் கற்றலை வைக்கிறது. விரிவுரை மட்டுமல்ல, வாசிப்பு, ஒப்படை, செய்முறை அறிக்கை, பரீட்சைக்கான தயாரிப்பு எல்லாம் சேர்த்து. ஆண்டுக்கு 30 கிரெடிட் என்றால் 1,500 மணித்தியாலம், அரையாண்டுக்கு 750. பதினைந்து கற்பித்தல் வாரங்களுக்குள் அதை அடக்கினால் வாரம் 50 மணித்தியாலம். படிப்பு விடுமுறையையும் பரீட்சை வாரங்களையும் சேர்த்து 20 வாரமாகப் பரப்பினாலும் 37.5. வாரத்துக்கு 20 மணித்தியாலம் விரிவுரை மண்டபத்தில் இருக்கிற மாணவருக்கு, இன்னும் 17.5 முதல் 30 மணித்தியாலம் வரை அந்த வெள்ளைக் கட்டங்களுக்குள்தான் மறைந்திருக்கிறது. இதற்குமேல் பயணம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தாய் வளாகம் திருநெல்வேலியில், பொறியியல், விவசாய, தொழில்நுட்பப் பீடங்கள் கிளிநொச்சியில். காங்கேசன்துறையில் வீட்டிலிருந்து வளாகத்துக்குப் போய்வரும் ஒரு மாணவிக்கு, கதவிலிருந்து கதவு வரை ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம் போகிறது என்று கொண்டால், ஐந்து நாளில் பத்து. நாலு நாளில் அடங்கும் அட்டவணை அவளுக்கு இரண்டு மணித்தியாலத்தை மீட்டுத் தருகிறது. வளாக விடுதியில் இருப்பவருக்கு அந்த வித்தியாசம் ஏறக்குறையப் பூச்சியம். ஒரே அட்டவணை இருவருக்கும் ஒரே விலை அல்ல. எனவே நல்ல செயலி வெள்ளைக் கட்டங்களை வெறுமையாக விடாது. தெரிவுசெய்த கிரெடிட்டுகள் எத்தனை மணித்தியாலத்தைக் கேட்கின்றன, பயணத்துக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று ஒரு பட்டையில் காட்டும். மிச்சம் குறையும்போது பட்டையும் குறுகும்.

நாலு விரல் அகலத் திரை

இதுவரை சொன்னதெல்லாம் எதைக் காட்டுவது என்பது. எதில் காட்டுவது என்பதும் அதே வாதத்துக்குள் வருகிறது, ஏனென்றால் சிலருக்கு மட்டும் தெரிகிற விலை மற்றவருக்கு மறைந்த விலைதான். பல மாணவருக்குக் கணினி என்பது கையிலிருக்கும் தொலைபேசி. சாதாரண அண்ட்ரொயிட் தொலைபேசியின் திரை அகலத்தை வடிவமைப்பாளர்கள் ஏறக்குறைய 360 படப்புள்ளி என்று கணக்கெடுப்பார்கள். நேரம் எழுத 40ஐ விட்டால் ஐந்து நாட்களுக்கு மிச்சம் 320, நாளொன்றுக்கு 64. கண்ணை உறுத்தாத அளவில் தமிழ் எழுத்து நாலைந்துதான் அதற்குள் நிற்கும். ‘புள்ளிவிபரவியல்’ என்ற சொல்லில் ஒன்பது எழுத்து. ஆங்கிலத்துக்கென்று கட்டிய முகப்பு அதை வெட்டிவிடும், அதுவும் தப்பாக வெட்டும். யூனிகோட்டில் ‘ளி’ என்பது ளகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். ஒன்பது எழுத்துச் சொல் கணினிக்குப் பதினைந்து குறியீடு. ஐந்து குறியீட்டோடு வெட்டு என்று விதி எழுதிய நிரல் ‘புள்ளி’யை ‘புள்ள’ ஆக்கிவிடும். புள்ளிவிபரவியல் வகுப்புக்குப் பதிலாக, பேச்சுவழக்கில் பிள்ளையைக் குறிக்கும் சொல் அட்டவணையில் ஏறினால் சிரிப்பு வரும். ஆனால் பரீட்சைக் கால அவசரத்தில் வாசிப்பவருக்குச் சிரிப்பு வராது. எழுத்தை எழுத்தாக எண்ணி வெட்டும் விதி யூனிகோட் நியமத்திலேயே இருக்கிறது, பயன்படுத்தினால் போதும். அதைவிட நல்லது வெட்டாமல் இருப்பது. தொலைபேசியில் ஒரு நாளை மட்டும் முழு அகலத்தில் காட்டி, வாரம் முழுவதையும் மேலே சிறு கட்டங்களாக, எழுத்தில்லாமல், நிரம்பியது வெறுமையானது என்று மட்டும் காட்டலாம்.

பாடக் குறியீட்டை மட்டும் எழுதினால் இடம் மிச்சமாகுமே என்று கேட்கலாம். மிச்சமாகும். தெற்கிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் படிக்கும் சிங்கள மாணவருக்கும் இங்குள்ளவருக்கும் பொதுவானதும் அந்தக் குறியீடுதான். ஆனால் வெறும் குறியீடு, அது எந்தப் பாடம் என்று நினைவில் தேடவைக்கிறது. நினைவுபடுத்தச் சொல்லாதே, கண்டால் தெரியும்படி வை என்பது முகப்பு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 1990களில் தொகுத்த முகப்பு விதிகளில் ஒன்று. ஆகவே குறியீடும் பெயரும் சேர்ந்தே வரவேண்டும், பெயர் மாணவர் தெரிந்த மொழியில் வரவேண்டும். நிறத்திலும் இதே எச்சரிக்கை. சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாமல் பிறப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், ஏனென்றால் அதற்குரிய மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. மோதலைச் சிவப்பாலும் பொருத்தத்தைப் பச்சையாலும் மட்டும் காட்டுகிற அட்டவணை அவர்களுக்கு ஒரே நிறத்துச் சுவர். மேலே சொன்ன கோடு கீறல் அலங்காரத்துக்காக வந்ததல்ல. நிறத்தை மட்டும் நம்பாதே என்ற உலகளாவிய இணைய அணுகல் நெறிமுறையும் அதையே கேட்கிறது.

அடுத்தது வேகம். ஒரு செயலுக்கு 0.1 செக்கனுக்குள் பதில் வந்தால் தானே கையால் நகர்த்தியது போலிருக்கும், 1 செக்கனைத் தாண்டினால் சிந்தனை இழை அறுபடும், 10 செக்கனில் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார் என்று நீல்சன் எழுதிய எல்லைகள் இன்றும் செல்லுபடியாகின்றன. பெட்டியை விரலால் இழுக்கும்போதே மோதல் தெரிய வேண்டுமானால் கணக்கைத் தொலைதூரச் சேவையகத்துக்கு அனுப்பிக் காத்திருக்க முடியாது. தொலைபேசிக்குள்ளேயே செய்ய வேண்டும். அது முடியாத காரியமுமல்ல. 300 பாட அலகுகள், ஒவ்வொன்றுக்கும் நேரமும் இடமும் முன்தேவையுமாக 200 பைட் என்றால் மொத்தம் 60,000 பைட். அறிவித்தல் பலகையைப் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு புகைப்படம் பெரும்பாலும் இதைவிடப் பெரிது. தரவு ஒருதடவை இறங்கிவிட்டால் பிறகு இணையமே வேண்டாம். 2022 மார்ச் முடிவில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. 2020 பெருந்தொற்றுக் காலத்தில், கல்வி நிறுவனங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாகப் பல்கலைக்கழகச் சேவையகங்களைக் கட்டணமின்றித் திறந்துவிட வேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் கண்ட நாட்டில் இணைப்பு இல்லாமலும் வேலைசெய்வது சலுகை என்று சொல்ல முடியாது. வேகத்துக்காகச் செய்த ஏற்பாடே டேட்டா வாங்கக் காசில்லாதவருக்கும் கைகொடுக்கிறது. இதில் ஓர் ஆபத்து உண்டு: தொலைபேசிக்குள் இருக்கும் நேரசூசி பழையதாகிவிடலாம். அதனால் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற திகதியும் நேரமும் திரையின் தலைப்பிலேயே நிற்க வேண்டும். அதுவும் ஒரு விலைதான், மறைக்கக்கூடாது.

தெரிவுசெய்பவர் யார்?

இந்த வாதத்துக்கு எதிராக முதலில் வருவது நடைமுறைக்காரர்களின் கேள்வி. எங்கள் பல்கலைக்கழகங்களில் நேரசூசி பீடமே போட்டுத் தருவது, அமெரிக்க மாணவரைப்போல நூற்றுக்கணக்கில் பொறுக்குவதற்கு என்ன இருக்கிறது என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் தெரிவு குறைவு என்பதால் அதன் விலை குறைவதில்லை, தளர்வு குறைவான சங்கிலியில் கூடவே செய்யும். விருப்பப் பாட அலகு, மீண்டும் எழுத வேண்டிய பரீட்சை, பொதுப் பட்டமா சிறப்புப் பட்டமா என்ற முடிவு, செய்முறைக் குழு, இவை ஒவ்வொன்றும் தெரிவுதான். இன்னொரு பயனும் உண்டு. எத்தனை பேர் எந்த இரண்டு அலகுகளை ஒன்றாக எடுக்க முயன்று மோதலில் நின்றார்கள் என்ற எண்ணிக்கையை, பெயர்களை நீக்கிவிட்டுப் பீடத்துக்குக் கொடுக்கலாம். வெல்ஷும் பவலும் கேட்ட கோடுகள் அவைதாம். அந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் நேரசூசி போடுபவர் அந்தக் கோடுகளை ஊகித்துத்தான் வரைய வேண்டும்.

இரண்டாவது எதிர்ப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. கணினிக்குத்தான் 1,024 சேர்க்கையையும் பார்க்கத் தெரிகிறதே, சிறந்ததை அதுவே தெரிந்து கொடுத்துவிடட்டும், மாணவருக்கு எதற்கு இந்தப் பாடு? இதைப் பெரிய அளவில் செய்துபார்த்த இடம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வோட்டன் வணிகப் பள்ளி. 2013 முதல் அங்கே மாணவர் தம் விருப்பங்களை எண்களாக எழுதிக் கொடுக்க, கோர்ஸ் மட்ச் என்ற முறை பாடங்களைப் பகிர்கிறது. அதற்கு முன்னிருந்த ஏலமுறையைவிட இது நியாயமாகப் பகிர்ந்தது என்று எரிக் புடிஷும் ஜட் கெஸ்லரும் செய்த பரிசோதனை காட்டியது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: மாணவர் தம் விருப்பத்தையே சரியாக எழுதிக் கொடுப்பதில் தடுமாறினார்கள், அந்தத் தடுமாற்றம் பகிர்வின் தரத்தையும் குறைத்தது. மோதுகிறதா என்பது கணினிக்குத் தெரியும். தங்கையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் வரமுடியும் என்பதும், காலை எட்டு மணி வகுப்பு வேதனை என்றாலும் அந்த விரிவுரையாளரிடம்தான் படிக்க வேண்டும் என்பதும் அதற்குத் தெரியாது. மாணவருக்கே அந்த விருப்பங்கள் இரண்டு அட்டவணைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெளிகின்றன. முடியாதவற்றை நீக்குவது இயந்திரத்தின் வேலை, முடிந்தவற்றுள் பிடித்ததை எடுப்பது ஆளின் வேலை. இந்தப் பங்குபிரிப்பு மாறினால் செயலி இலகுவாகத் தோன்றும், வாழ்க்கை கடினமாகும்.

மூன்றாவது எதிர்ப்பு நுட்பமானது. விலையைக் காட்டு, காட்டு என்றால் திரை தகவலால் நிரம்பி ஆள் திகைத்துப்போக மாட்டாரா? தெரிவு கூடினால் மனிதர் முடங்குவர் என்பதற்கு எல்லோரும் சொல்லும் சான்று 2000இல் வெளியான ஜாம் பரிசோதனை: 24 வகை வைத்தபோது நின்று பார்த்தவரில் 3 வீதத்தினர் வாங்கினர், 6 வகை வைத்தபோது 30 வீதத்தினர். ஆனால் 2010இல் இதுபோன்ற 50 பரிசோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது சராசரி விளைவு ஏறக்குறையப் பூச்சியமாக இருந்தது. எண்ணிக்கை மட்டும் ஆளை முடக்குவதில்லை. ஒப்பிட வசதியில்லாமல் கொட்டினால் எவரும் திண்டாடுவார் என்பதுதான் நியாயமான முடிவு. எல்லாத் தகவலும் நன்மை என்றும் சொல்ல முடியாது. மாணவர் பயன்படுத்தும் ஒரு பாடத்திட்டமிடல் தளத்தை வைத்து 2018இல் வெளியான கள ஆய்வொன்றில், அதைப் பயன்படுத்தியவர்களின் சராசரிப் புள்ளி குறைந்திருந்தது. அந்தக் குறைவுக்கு, முந்திய மாணவர் பெற்ற புள்ளிகளைக் காட்டியதுதான் காரணம் என்று நிறுவவும் முடியவில்லை. இதிலிருந்து படிக்க வேண்டியது அடக்கம். மோதல், தளர்வு, மணித்தியாலம் ஆகிய மூன்றும் இந்த மாணவரின் சொந்த விலைகள், சரிபார்க்கக்கூடியவை. மற்றவர் போன ஆண்டு எவ்வளவு புள்ளி எடுத்தார் என்பது இவருடைய விலை அல்ல, சந்தைக் கதை. முதலாவதைக் காட்டலாம். இரண்டாவதைக் கேட்டால் மட்டும் காட்டலாம்.

இதெல்லாம் ஏன், சீனியர்களைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்களே என்பது கடைசி எதிர்ப்பு. சொல்வார்கள். எந்த ஒப்படை நேரத்தை விழுங்கும், எந்தச் செய்முறை வகுப்பு சொன்ன நேரத்தில் முடியாது என்பதையெல்லாம் எந்தத் தரவுத்தளமும் அவர்களளவுக்கு அறியாது. செயலி அவர்களுடைய இடத்தைப் பிடிக்கத் தேவையில்லை. ஆனால் சீனியரின் அறிவு அறிமுகத்தின் வழியே ஓடுவது. வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகிறவர், விடுதியில் இல்லாமல் மாலை வண்டிக்கு ஓடுகிறவர், வளாகத்தில் தன் மொழி பேசும் சீனியர் அதிகம் கிடைக்காதவர், இவர்களுக்கு அது கடைசியில் வந்து சேரும், சிலவேளை வராது. முன்தேவைச் சங்கிலியைப் போன்ற உறுதியான செய்தி யாருடைய தயவிலும் தங்கக்கூடாது.

இனி அந்தக் காங்கேசன்துறை மாணவியிடம் செயலியைக் கொடுத்துப் பார்ப்போம். அவள் முன் இரண்டு அட்டவணைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. முதலாவது நாலு நாளில் அடங்கும், பயணத்தில் இரண்டு மணித்தியாலம் மிச்சம். ஆனால் ஒரு விருப்பப் பாட அலகை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடும், அந்தச் சங்கிலியின் ஒரே தளர்வும் அதோடு தீரும். இரண்டாவது ஐந்து நாள், திங்களும் வியாழனும் விடியற்காலையில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், தளர்வு அப்படியே இருக்கும். எது சிறந்தது என்று செயலி சொல்லவில்லை. அதற்குச் சொல்லவும் தெரியாது. அவள் சற்று நேரம் பார்த்துவிட்டு ஐந்து நாள் அட்டவணையைத் தெரிகிறாள். “உறுதியா?” என்று அது கேட்கவில்லை, வேறொன்றைப் பரிந்துரைக்கவும் இல்லை. விலை ஏற்கெனவே அவள் கண்முன் எழுதியிருந்தது. சேமித்தாயிற்று என்று ஒரு வரி வந்து போகிறது. இணைப்பு வந்ததும் பீடத்துக்கு அது தானாகப் போய்ச்சேரும்.